பாஸிவ் வாய்ஸ் சொல்லித்தந்த ஜமீலா அக்கா

ஜமீலா அக்கா இறந்துவிட்டார்.

காலையில் அக்காவின் நம்பரிலிருந்தே வாட்ஸ்அப் வந்தது. "அம்மா மௌத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." மகள் அனுப்பியிருக்கிறாள். என் நம்பரை அக்கா இத்தனை வருஷமாக அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார்...

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் மோட்டார் கம்பெனி. ஆபீஸில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள். இங்கிலீஷ் லெட்டர் எல்லாம் அக்கா எழுதுவார். டைப் அடிப்பதும் ஃபைல் போடுவதும் நான்.

கோட்டைமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு நாளும் லேட் கிடையாது.

ஒரு முறை, தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் செல்வராஜ் என்ற ஆபரேட்டருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. கை உள்ளே போகாமல் தடுக்க மெஷினில் ஒரு கம்பி வலை இருக்கும், கார்டு என்போம். வேலை வேகமாக ஓட வேண்டும் என்று இரண்டு நாள் முன்னால் சூப்பர்வைசர்தான் அதைக் கழற்றியிருந்தார். கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று அக்கா லீவு. ரிப்போர்ட்டை நான் எழுதினேன். 'சூப்பர்வைசர் ரிமூவ்டு தி கார்டு' என்று உள்ளதை உள்ளபடி.

மறுநாள் மேனேஜர் அதை அக்காவின் மேஜையில் வீசிவிட்டுப் போனார். அக்கா பேனாவைத் திறந்தார்.

"ஏங்கண்ணு, சூப்பர்வைசர எதுக்கு முன்னாடி கொண்டாந்து நிறுத்தறே? கார்ட முன்னாடி போடு. 'தி கார்டு வாஸ் ரிமூவ்டு.' முடிஞ்சுது."

"யாரு கழட்டுனாங்கன்னு வரோணுமில்லீங்களா அக்கா? 'பை தி சூப்பர்வைசர்'னு?"

"'பை' வேணும்னா போடலாம். வேண்டாம்னா உட்டுபோடலாம். கிராமர்ல தப்பே இல்ல."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. ஸ்கூலில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த பாஸிவ் வாய்ஸ் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மத்தியானம் வரை உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பிப் போட்டோம். மெஷின் விரலை வெட்டியது என்பது, 'த்ரீ ஃபிங்கர்ஸ் வேர் இன்ஜூர்டு' ஆனது. நல்லா வருதே கண்ணு உனக்கு என்று அக்கா தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தார்.

ஒரு வாரம் கழித்து செல்வராஜ் கட்டுப் போட்ட கையோடு கையெழுத்துப் போட வந்தார். கூட அவர் மனைவி.

"ஏனுங்கம்மணி, கார்டு கழட்டுன விவரம் இதுல இருக்குதுங்களா? எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பேப்பரைப் பார்த்தார்.

"கழட்டி இருந்துச்சுன்னு எழுதியிருக்குதுங்க. போடுங்க" என்றார்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மனைவி பேப்பர் நகராமல் பிடித்துக்கொள்ள, இடது கையால் மெதுவாக எழுதினார்.

அப்புறம் விசாரணை நடந்தது. கார்டு கழற்றப்பட்டிருந்தது, யார் கழற்றியது என்று ரிப்போர்ட்டில் இல்லை, மெஷினில் நின்றவர் செல்வராஜ்... ஆகவே கழற்றியவரும் செல்வராஜ். நாங்கள் காலியாக விட்ட இடத்தில் அவர் பெயரைப் போட்டு வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கு அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. நான் சாப்பிட்டேன்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே செல்வராஜின் மனைவி நின்றிருந்தார். சத்தம் போடவில்லை. "நீங்க எழுதுனதுங்களா?" என்று மட்டும் அக்காவிடம் கேட்டார்.

"ஆமாங்க, நான்தானுங்க" என்றார் அக்கா.

நான் அக்காவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

சில வருஷம் கழித்து முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆபீஸ்ல ரெண்டு பேரு எதுக்குங்க? ஒருத்தர் போதுமில்லீங்களா?" என்றார். யாரை அனுப்புவது என்று அவர் இன்னும் கேட்கவே இல்லை.

"ஜமீலாக்காவுக்கு இப்பல்லாம் பார்வை செரியில்லீங்க. லெட்டரெல்லாம் நானே பாத்துக்கறனுங்க" என்றேன்.

வேலை நீக்க லெட்டரையும் என்னையே அடிக்கச் சொன்னார். 'இட் ஹேஸ் பீன் டிசைடட்' என்று ஆரம்பித்தேன். முடிவு செய்யப்பட்டுள்ளது.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"யாரு முடிவு பண்ணுனாங்க கண்ணு?"

"மேல இருந்து வந்துச்சுங்க அக்கா."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "மூணாவது வரியில ஒரு எழுத்து உட்டுபோச்சு. திருத்திக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்றார்.

திருத்திக் கொடுத்தேன். போட்டார். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

இன்று அவர் வீட்டுக்குப் போனேன். மகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கம்பெனியில் கூட வேலை செய்தவள் என்றேன்.

"அம்மாவ அனுப்புனது யாருங்க? எத்தனையோ தடவை கேட்டுட்டேன், கடைசி வரைக்கும் சொல்லலீங்க."

"அப்ப ஆளு கொறைச்சாங்க கண்ணு. எல்லா எடத்துலயும் அப்படித்தான் நடந்துச்சு."

அவள் தலையாட்டிவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். குடித்தேன்.

உக்கடத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இதை எழுதுகிறேன். அந்தப் பிள்ளை என் ஃபிரண்ட் லிஸ்ட்டில் இல்லை. அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இதைக் காட்டுங்கள்... அம்மா பெயரைச் சொன்னது நான்.

பிற்பகலில் எடுத்துவிட்டார்கள். நல்ல வெயில். ஜனாஸா தெரு திரும்பும் வரை பெண்களோடு வாசலில் நின்றேன்.

போய் வாருங்கள் அக்கா.