கொடிக்கம்பியில் பாய்ந்த கரண்ட்

அவிநாசியில் எங்கள் வீட்டுத் தோட்டத்துத் தகரக் கொட்டகையில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் போட்டபோது, செலவை மிச்சம் பிடிக்க, துணி காயப்போடும் கம்பியில் ஒயரைச் சுற்றி வீட்டிலிருந்து நானே கரண்ட் லைன் இழுத்துவிட்டேன்.

மழை விட்ட ஒரு காலையில், ஈரத்துணியோடு அந்தக் கம்பியைத் தொட்ட என் மனைவியின் கை அப்படியே ஒட்டிக்கொண்டது. பதறிப்போய் அவளை இழுக்க ஓடினேன்.

"அண்ணாச்சி, தொடாதீய!" என்று கத்திக்கொண்டே கொட்டகையிலிருந்து ஓடிவந்தார், எங்களிடம் தைக்கும் திருநெல்வேலிக்கார மேரி. வீட்டுக்குள் பாய்ந்து மெயினை அணைத்தார். மனைவி சரிந்து விழுந்தாள். கண் திறந்ததும், "ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, மண்ணுக்கடியில் பைப்பில் கேபிள் பதித்து, எர்த்தும் போட்டாயிற்று. கரண்ட் கசிந்தால் தானே அணையும் ட்ரிப்பரும் இருக்கிறது. மாதம் தவறாமல் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது அணைவதைப் பார்த்த பிறகே மேரியை மெஷினில் உட்காரவிடுகிறேன். எங்கள் இரண்டு உயிரையும் காத்தவர் அவர்.