காஞ்சோண்டி தீண்டாத கை

பங்குனி மாதம், திங்கட்கிழமை காலை. இத்தாலியில், பலெர்மோ நகரின் போர்கோ வெக்கியோ பகுதியில், சென்ற வாரம் இறந்த என் தம்பியின் அறையைக் காலி செய்தேன். வாசற்சுவரில் ஓர்த்திக்கா என்னும் சுணைச்செடி முளைத்திருந்தது. கையை விலக்கிக்கொண்டேன்.

இலையோரப் பற்களும் தண்டின் வெண்சுணையும், போரில் அழிந்துபோன எங்கள் யாழ்ப்பாண ஒழுங்கையின் வேலியில் படர்ந்திருந்த காஞ்சோண்டியை ஒத்திருந்தன. பந்தெடுக்க வேலிக்குள் கையை விடும் தம்பிக்கு அச்செடி ஒருநாளும் அடையாளம் தெரிந்ததில்லை. தடித்துச் சிவந்த கையோடு அவன் வர, அம்மா குப்பைமேனி இலையை உப்போடு கசக்கி, அந்தப் பச்சை மணம் முற்றமெங்கும் பரவ, முழங்கையிலிருந்து விரல்நுனிவரை தடவிக்கொண்டேயிருப்பார்.

“இஞ்சை காட்டடா, குரங்கே. கொண்ணனைப் பார், இலையைக் கண்டே விலகிப் போறான்.”

“இன்னும் பூசுங்கோ அம்மா, அங்கையும் கடிக்குது” என்று சொல்லி, தம்பி என்னைப் பார்த்துக் கண்சிமிட்டுவான்.

பாராட்டுப் பெற்ற நான் தள்ளி நிற்பேன். என் கையை அம்மா அப்படித் தடவியதில்லை. இறந்துபோன அம்மாவிடம் இப்போதும் அவனே முந்திப் போய்விட்டான். இந்தத் துக்கத்திலும் அந்தப் பொறாமை ஆறவில்லை.

இன்னும் செய்யாதவை: வீட்டுக்காரச் சிக்னோராவிடம் சாவியைக் கொடுப்பது, அவனுடைய வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ அட்டையைக் குவெஸ்தூரா என்னும் காவல் தலைமையகத்தில் ஒப்படைப்பது, தெரிந்தே ஒருமுறை அந்த இலையைப் பற்றுவது.