வாயடைக்கும் உத்தியோகம்

ஆன்லைன் விளையாட்டில் ஆட்டக்காரர்களின் அரட்டையைக் காவல் காப்பது என்பது, முன்பின் தெரியாதவர்களின் சண்டைக்கு நடுவே சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்பது. கஸ்டமர் கேர், கால் சென்டர் என்று தினமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி, ஹெப்பகோடியில் அறை. தமிழும் கன்னடமும் தெரியும் என்பதற்காக என்னை எடுத்தார்கள். ஒப்பந்த வேலைதான், புகார் வராமல் ஓட்டினால் நிரந்தரம் என்றார்கள். எங்கள் ஊர் தங்கவயலில் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் நிரந்தர வேலை என்று ஒன்று அமைந்ததில்லை. அதனால் நம்பினேன்.

கோடு போடாத கட்டளை

எங்கள் ஆயுதம் கட்டளைகள். முதலில் ஒரு சாய்கோடு, பிறகு மியூட், பிறகு ஆளின் பெயர். அவன் எழுதுவது அதோடு யாருக்கும் தெரியாது. கோட்டை மறந்தால் கட்டளை வேலை செய்யாது, நாம் எழுதியது அப்படியே ஊருக்கெல்லாம் தெரியும்.

முதல் வாரமே, புல்லட் என்ற பெயரில் ஆடிய ஒருவனை அடக்கப்போய் கோட்டை மறந்தேன். 'மியூட் புல்லட்' என்று எல்லோர் திரையிலும் வந்து நின்றது. அவ்வளவுதான், ஆட்டத்தை விட்டுவிட்டு ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். மியூட் மாமியார், மியூட் மேனேஜர், மியூட் கணக்கு வாத்தியார். நான் வாயடைக்க நினைத்த புல்லட் மட்டும் பொறுப்பாக எழுதினான்: "சார் புதுசு போல, யாரும் ஓட்டாதீங்கப்பா. டைப்பிங் கிளாஸ் போயிட்டு வருவாரு."

வசவுக்கு விளக்கவுரை

வசவுகளைத் தடுக்க ஒரு மென்பொருள் இருந்தது. அதற்கு ஆங்கில வசவு மட்டும்தான் உறைக்கும். தமிழில் திட்டினால் கண்டுகொள்ளாது. ஆகவே நான் ஒவ்வொருவனை அடக்கும்போதும் அவன் எழுதியதன் பொருளை ஆங்கிலத்தில் எழுதி, டீம் லீட் நவீனிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். நவீன் துமகூருக்காரர், கன்னடம் கலந்து தமிழ் பேசுவார், படிக்க வராது; யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர் என்று அப்போது நினைத்தேன்.

ஒருவன் இன்னொருவனின் தாயை இழுத்து எழுதியதை, கை கூசி, நாகரிகமாக மொழிபெயர்த்து அனுப்பினேன். நவீன் என்னைக் கூப்பிட்டார். "இதுல என்ன தப்பு குரு? அவங்க அம்மாவ பத்தி விசாரிச்சிருக்கான், அஷ்டே."

மின்மினி

மின்மினி என்ற பெயரில் ஒரு பெண் ஆடுவாள். சந்தாபுராவில் வீடு, நர்சிங் மாணவி என்று பின்னால் எங்களுக்கு அனுப்பிய புகாரில் எழுதியிருந்தாள். மைக்கில் பேசினால் பெண் என்று தெரிந்துவிடும் என்பதால், தன் அணிக்கு எல்லாம் எழுத்தில்தான். வலப்பக்கம் போ, காத்திரு, இப்போது சுடு. அவள் விரல் வேகத்தில் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது.

ஆட்டக்காரர்களில் பெரிய கூட்டத்துக்குத் தலைவன் ஒருவன் அவளிடம் தோற்றான். அவள் பெண் என்பதும் எப்படியோ அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் ஆடும்போதெல்லாம் அவனும் அவன் ஆட்களும் அசிங்கமாக எழுதிக் குவித்தார்கள். அந்தக் குப்பையில் அவள் எழுதுவது அணியின் கண்ணில் படவில்லை, தோற்க ஆரம்பித்தார்கள்.

நான் தலைவனை மியூட் செய்தேன். நவீன் உடனே அதை எடுத்துவிட்டார். அவன் போனால் அவன் கூட்டமே ஆட்டத்தை விட்டுப் போய்விடுமாம். பதிலாக அவள் அரட்டையை நிறுத்திவிடச் சொன்னார், அவளுக்கும் நிம்மதி என்றார். வெட்கத்தோடு அவளுக்கு அதைத் தெரிவித்தேன். அவள் எழுதினாள்: "திட்டுறது அவன், வாய மூடிக்கறது நானா அண்ணா? எங்க வீட்லதான் அப்படின்னு நெனச்சேன்."

நிரந்தரத் தடை

எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய அரட்டையில் கை வைக்காமல், அந்தத் தலைவனை ஆட்டத்தை விட்டே தடை செய்தேன். வேலை போகும் என்று தெரிந்துதான் செய்தேன். அன்று சாயங்காலம் அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் திரையில் பளிச்சென்று நின்றது. அவள் அணி ஜெயித்ததை ஒரு ரசிகனைப் போல உட்கார்ந்து பார்த்தேன்.

மறுநாள் காலை அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நவீன் லிஃப்ட் வரை கூட வந்து தோளில் கை போட்டார். "நீ பண்ணது சரிதான் குரு, பேஜார் பண்ணிக்காத. அவன உள்ள விட்டாச்சு, அந்தப் பொண்ணோட சாட்டிங்கையும் நானே ஆஃப் பண்ணிட்டேன்."

யார் யார் வாயை அடைக்கலாம் என்று முதல் நாளே வகுப்பெடுத்துச் சொன்னவர்கள், யார் வாயை அடைக்கக் கூடாது என்பதை மட்டும் வெளியே அனுப்பும் நாளில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.