டாக்டர் லீனாவுக்காக ஜெபித்தவர்

எபினேசர் அங்கிளை ஏமாற்றுவதைப் பாவம் என்று யாரும் சொல்ல முடியாது. பாவம் செய்யக் கொஞ்சமாவது மெனக்கெட வேண்டும். அவரிடம் அந்தச் சிரமமே கிடையாது.

வயது நாற்பத்தொன்பது. புதுவாயல் கூட்டு ரோட்டுக்குப் பின்னால் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் அப்பா காலம் வரைக்கும் அந்தக் குடும்பம் அடுத்தவர் நெல் வயலில் குனிந்தது. இவர் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். பதினாலு வருடமாகக் கான்ட்ராக்ட். "அடுத்த வருஷம் பெர்மனென்ட்" என்று முதல் வருடம் ஒரு மேனேஜர் சொன்னார். சொன்னவர் ரிட்டயராகிப் போய்விட்டார். அங்கிள் இன்னும் அந்த அடுத்த வருடத்துக்காகக் காத்திருக்கிறார்.

அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் 'எட்டாவது கோள்'. ராத்திரி ஒன்பது மணிக்குத் தமிழில் டப்பிங் செய்து போடும் விண்வெளித் தொடர். பூமி அழிந்து, மிச்சமிருக்கும் மனிதர்கள் ஒரு கப்பலில் தப்பி ஓட, இயந்திரங்கள் துரத்தும். இயந்திரங்கள் மட்டும் சுத்தத் தமிழ் பேசும். "மானிடரே, சரணடையுங்கள்" என்று அவை சொன்னதும் அங்கிள் டிவியைப் பார்த்து, "மாட்டோம்" என்பார். கப்பலின் டாக்டர் லீனா மேல் அவருக்குத் தனி மரியாதை. அந்தம்மா சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்வாராம். அதனால் குடும்ப ஜெபத்தில் அத்திப்பட்டு அத்தையின் முட்டி வலிக்கு அடுத்தபடியாக டாக்டர் லீனாவின் பாதுகாப்பும் சேர்ந்துகொண்டது.

இதில் என் பங்கு என்ன என்றால், ஒரு வாரம் அவருக்குக் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட். மதிய ஷிப்ட் வாரத்தில் தொடரைப் பார்க்க முடியாது. மறுநாள் காலை பிரஷ்ஷும் கையுமாகச் சுவரோரம் வந்து நின்று, "நைனா, நேத்து இன்னா ஆச்சு?" என்பார். நான் சொல்வேன். ஆகவே அவருக்குத் தெரிந்த கதையில் பாதி டிவிக்காரன் எடுத்தது, மீதி நான் எடுத்தது. ஒருமுறை கேப்டனுக்கு மஞ்சள் காமாலை வந்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள் என்றேன்.

"கப்பல்ல ஏதுடா கீழாநெல்லி?"

"தொட்டில வளக்கறாங்க அங்கிள்."

"அதான பாத்தேன்" என்று வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

போன மாதம் கம்பெனியில் பதினோரு பேர் ரகசியமாக ஒரு மனு தயாரித்தார்கள். எங்களைப் பெர்மனென்ட் ஆக்கு என்று லேபர் ஆபீசில் கொடுக்க. ரகு என்கிற வெல்டர் முதல் கையெழுத்து. பேப்பர் கை மாறி மாறிச் சுற்றியது. ஆனால் அது லேபர் ஆபீசுக்குப் போகும் முன்பே கான்ட்ராக்டர் காதுக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ரகுவையும் அடுத்த இரண்டு பேரையும் இரும்பைக் காய்ச்சும் பர்னஸ் வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நிற்கிறவன் அரை மணி நேரத்தில் அப்பளம்.

யார் காட்டிக் கொடுத்தது? பழி இம்மானுவேல் மேல் விழுந்தது. அவன் அங்கிளோடு ஒரே சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவன். செய்த குற்றம், மழையில் சூப்பர்வைசர் துளசிராமனின் பைக்கில் ஸ்டேஷன் வரை போனது. அன்றிலிருந்து கம்பெனி வேனில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவனை வேலையை விட்டே துரத்த வேண்டும் என்று பேச்சு நடந்தது. அங்கிள் மட்டும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மேல் ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. காட்டிக் கொடுக்கக் கொஞ்சம் மூளை வேண்டும் என்று எல்லோரும் நினைத்திருக்கலாம்.

அதே வாரம் கப்பலிலும் இதே கதை. யாரோ இயந்திரங்களுக்குக் கப்பல் இருக்குமிடத்தைச் சொல்லிவிட்டார்கள், டாக்டர் லீனா மேல் சந்தேகம். அங்கிளுக்கு மதிய ஷிப்ட். புதன்கிழமை விடை வந்தது. நான் பார்த்தேன். சொன்னது லீனாவேதான்.

வியாழக்கிழமை காலை பிரஷ் வந்து சுவரோரம் நின்றது.

"நைனா, டாக்டரம்மா இல்லல்ல?"

வாயில் நுரை. கண்ணில் ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அப்பம் வாங்கப் போகிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். எனக்கென்ன, பொய் சொல்வது புதுசா?

"அவங்க இல்ல அங்கிள். வேற ஆளு. தலைல கொம்பு வெச்சவன் ஒருத்தன்."

"எனக்குத் தெரியும்" என்றார்.

அன்றைக்கே அதை வேனில் சாட்சியாக வைத்திருக்கிறார். "இம்மானுவேலு பண்ணிருக்க மாட்டான்யா. அந்த டாக்டரம்மா மேலயும் இப்படித்தான் சந்தேகப்பட்டாங்க. கடைசில இன்னா ஆச்சு?" வேன் மொத்தமும் சிரித்ததாம். இம்மானுவேல் மட்டும் சிரிக்கவில்லை.

சேனல்காரனுக்கு என் மேல் என்ன கோபமோ, அந்த வாரத்திலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லா எபிசோடையும் மறுபடி போட ஆரம்பித்தான். நான் மாடிக்குப் போய் அவர் வீட்டுக் கேபிள் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தேன். அங்கிள் மேலே போய்ப் பார்த்து, "எலி இழுத்துட்டுது போல" என்று திரும்ப மாட்டிவிட்டார். எலிக்கு ஏணி ஏறத் தெரியுமா என்று அவர் யோசிக்கவில்லை. என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

திரையில் லீனா அழுதுகொண்டே சொன்னாள்: "அவர்கள் நல்லவர்கள் என்று நம்பினேன். நம்மோடு சேர்ந்துகொள்வார்கள் என்று நானே வரைபடத்தைக் காட்டினேன்."

அங்கிள் கையிலிருந்த கறித்துண்டு தட்டில் விழுந்தது.

"பிரின்சி" என்று மனைவியைக் கூப்பிட்டார். "அந்த மனுவை நான் துளசி சாருக்குக் காட்டினேன்."

ஆன்ட்டி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எதுக்கு?"

"அவரும் ஒரு கையெழுத்து போட்டா வெயிட்டா இருக்குமேன்னு. அவருக்குன்னு ஒரு எடம்கூட உட்டு வெச்சேன். அவர் போட்ட அப்புறம் நான் போடலாம்னு இருந்தேன். படிச்சிட்டுத் தரேன்னு செல்லுல போட்டோ எடுத்துக்கினாரு."

"போட்டோ எடுத்துக்கினாரா?"

"கிறிஸ்மஸுக்கு நம்ம ஊட்டுக்கு வந்து கேக் சாப்ட்டாரே பிரின்சி."

"அடப்பாவி மனுஷா" என்று ஆன்ட்டி கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப அந்தப் பேப்பர்ல உன் பேரே இல்ல?"

இல்லை. அதனால்தான் அவர் இன்னும் குளுகுளுவென்று போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா இல்லன்னு சொன்னியே நைனா."

"தப்பா பாத்துட்டேன் அங்கிள்."

"கீழாநெல்லி?"

"அதுவும்."

"ம்" என்றார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட். ஐந்தேகாலுக்குக் கூட்டு ரோட்டில் வேன் வரும். அவர் நடுவழியில் எங்காவது போய்விடுவாரோ என்று ஆன்ட்டிக்குப் பயம், என் வண்டியில் ஏற்றி அனுப்பினார். வேன் நின்றது. அங்கிள் படியில் ஏறாமல் கீழே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், கேக் உட்பட. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்து விரித்தார். ராத்திரி உட்கார்ந்து அவரே எழுதிய புது மனு. முதல் வரியில் அவர் பெயர், அவர் கையெழுத்து.

ரகு ஜன்னல் வழியாகப் பார்த்தான். முழங்கை வரை கொப்புளம். "யோவ், உன் மண்டைல இன்னாதான்யா இருக்குது? மொதல் பேரு போட்டா அடுத்து நீதான் பர்னஸ். தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் போட்டியா?"

"இந்த வாட்டி தெரிஞ்சுதான்."

அன்றைக்கு இம்மானுவேலைச் சுற்றி இடமே இல்லை. திடீரென்று எல்லோருக்கும் அவன் மேல் பாசம். அவன் யாரையும் பார்க்கவில்லை. வெளியே நின்றவரையே பார்த்தான்.

"அண்ணா, அந்த டாக்டரம்மாவ கடைசில இன்னா பண்ணாங்க? கப்பல உட்டு எறக்கிட்டாங்களா?"

"தெரியல தம்பி. அது இனிமேதான் வரும்."

எனக்கும் தெரியாது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "இல்லண்ணா, கப்பல்லயே வெச்சுக்கினாங்க" என்றேன்.

வேன் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"அவன் சொல்றத நம்பாத" என்றார் அங்கிள். "கேப்டனுக்குக் கீழாநெல்லி குடுத்தாங்கன்னவன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். ரகு எதையோ முணுமுணுத்துக்கொண்டே, கொப்புளம் உரசாமல் பக்கத்து சீட்டிலிருந்த டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏறுய்யா. நேரமாவுது."