முப்பத்தொரு வீட்டு வரிசை

மெரினாவின் இடது கை மார்த்தா மாமியின் தோளுக்கு அடியிலும் வலது கை இடுப்புக்கு அடியிலும் இருந்தபோது, மேசையில் கிடந்த போன் கிணுகிணுக்கத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆளைப் புரட்டும்போது பாதியில் கை எடுக்க முடியாது. இடப்பக்கம் சரிந்து கிடந்த மாமியை மெல்ல உருட்டி மல்லாத்தினாள். குதிகால் மெத்தையில் படாதபடி காலுக்கு அடியில் சுருட்டிய துவாயைச் செருகினாள். இடுப்பெலும்பில் சிவப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அதற்குள் போன் ஏழு தரம் கிணுகிணுத்துவிட்டது.

"ஆரடி அது?" என்றாள் மாமி. பாரிசவாதம் அவளது இடப்பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது; வாயை அப்படியே விட்டுவைத்திருந்தது.

"கோயில் குழு, மாமி. மத்தியானம் லிஸ்ற் அனுப்பினனெல்லோ, நன்றி சொல்லுதுகள் போல."

"நன்றி சொல்ற சனம் ஏழு தரம் சொல்லாது. எடுத்துப் பார்."

மெரினாவுக்கு வயது முப்பத்துமூன்று. சிலாபத்தில் ஆறு மாதம் நோயாளி பராமரிப்புப் படித்துவிட்டு, கற்பிட்டிக்கு வடக்கே கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவில் கிடக்கும் தன் ஊருக்கே திரும்பி வந்தவள். மார்த்தா மாமி அவள் பார்க்கும் நாலாவது ஆள். இந்த வேலையில் பாதி வேலை, மீதி காத்திருப்பு. குளிசை கொடுத்தால் அரை மணித்தியாலம், புரட்டிவிட்டால் இரண்டு மணித்தியாலம். அந்த நேரத்தில் மற்றவர்கள் நாடகம் பார்ப்பார்கள். மெரினா கணினி நிரலெழுதப் படித்தாள். கரைத்தீவில் பெண்களுக்குக் கணினி வகுப்பு நடத்திய ரம்ஸியா, கொரோனாக் காலத்தில் வகுப்பைப் போனுக்கு மாற்றியபோது சேர்ந்தவள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகும் இவள் கேள்வி கேட்பதை விடவில்லை.

அவள் எழுதிய முதல் உருப்படியான நிரல் மாமியைப் புரட்டுவதற்கு. இடம், மல்லாந்து, வலம் என்று மூன்று சொல் கொண்ட ஒரு வரிசை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போன் அடிக்கும். முன்னால் நிற்கும் சொல்லை 'ஷிஃப்ட்' உருவி எடுக்கும், 'புஷ்' அதைக் கொண்டுபோய் வாலில் நிறுத்தும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி, வரிசையின் பின்னால் போய் நிற்பது மாதிரி. வரிசை சுற்றிக்கொண்டே இருக்கும், எந்தப் பக்கமும் தப்பாது. மாமி வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னாள்: "என்னைப் புரட்டுறது கொம்பியூட்டர். மெரினா சும்மா கை குடுக்கிறாள்."

இந்தக் கதை கோயில் கமிட்டித் தலைவர் அன்ரனிப்பிள்ளையின் காதுக்குப் போனது. அப்படித்தான் மாதா சுருவத்தின், அதாவது மாதா சிலையின், வரிசை மெரினாவின் தலையில் விழுந்தது.

அந்த ஊரில் ஒக்டோபர் செபமாலை மாதம். மாதா சுருவம் முதலாந் திகதி காலை கோயிலிலிருந்து புறப்பட்டு, முப்பத்தொரு நாளும் முப்பத்தொரு வீட்டில் தங்கும். கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் தொடங்கி, கடற்பக்கத்து வீடுகளாலே மேலே போய், களப்புப் பக்கத்தாலே கீழே இறங்கிக் கோயிலுக்கே வந்து சேரும். சுருவத்தோடு கமிட்டியின் நாற்பது பிளாஸ்ரிக் கதிரையும் பெரிய கேத்திலும் போகும். அடுத்த வீடு என்றால் வேலிக்கு மேலாலே எடுத்துக் கொடுத்துவிடலாம். அந்த ஒழுங்குக்குக் காரணம் பக்தி பாதி, மணலில் கதிரை தூக்குகிற பாடு பாதி. வழக்கமாக லிஸ்ற் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். 2022 இல் கடதாசி விற்ற விலைக்கு யார் அச்சடிப்பது? போனில் அனுப்பலாம் என்று முடிவாயிற்று.

மெரினா கமிட்டிக் கொப்பியைப் பார்த்து முப்பத்தொரு பெயரையும் ஒழுங்காகத் தட்டினாள். திகதி போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. அன்ரனிப்பிள்ளை பார்த்துவிட்டு, "மேல எல்லாற்ற பேரையும் வோட்டர் லிஸ்ற் மாதிரி அகர ஒழுங்கில போடு பிள்ளை, பார்வையா இருக்கும்" என்றார். 'சோர்ட்' என்று ஒரு வரியை மேலே சேர்த்தாள். அது அழகாக அடுக்கியது. மேல் பாதியைப் பார்த்தாள், கீழ் பாதியைப் பார்க்கவில்லை. மாமிக்குச் சாப்பாட்டு நேரம். அனுப்பிவிட்டாள்.

இப்போது கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கீழ் பாதியைப் பார்த்தாள். ஒக்டோபர் ஒன்று, அன்ரனிப்பிள்ளை. இரண்டு, இக்னேசியஸ். மூன்று, எமில்டா. விடிந்தால் முதலாந் திகதி. கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்கார மாக்கிறட் இருபத்துமூன்றாந் திகதிக்குப் போயிருந்தாள்.

போனில் தேடவேண்டிய அவசியம் இல்லாமல் மாக்கிறட்டே வாசலில் வந்து நின்றாள். ஐம்பத்தெட்டு வயது, புருஷன் இல்லாதவள். முழங்கை வரை சுண்ணாம்பு.

"சுவருக்கு அடிச்சுக்கொண்டு நிக்கிறன், உங்கட பக்கத்து வீட்டுச் சுஜி வந்து வாசிச்சுக் காட்டுறாள். பெரிய வீட்டுக்கு முதலாந் திகதி, என்ர வீடு கடைசிப்பக்கம். நீ எப்பயடி அன்ரனிப்பிள்ளைக்குப் பந்தம் பிடிக்கத் தொடங்கினனீ?"

"அக்கா, நான்..."

"எனக்குப் பத்தொன்பதாந் திகதி புத்தளத்தில கண் ஒப்பரேசன். ஒரு வருஷம் காத்திருந்து கிடைச்ச திகதி. ஒரு மாதத்துக்குப் புகைக்குக் கிட்டப் போகாதே, குனியாதே எண்டு நீதானே சொன்னனீ. இருபத்துமூண்டு சுருவத்தை ஆர் ஏத்துறது, நீயா?"

மெரினாதான் சொன்னாள். ஆஸ்பத்திரித் துண்டை வாசித்துக் காட்டியதும் அவள்தான்.

"பெட்டை பிழையா அடிச்சிட்டாள் போல, மாக்கிறட்" என்றாள் கட்டிலில் இருந்து மாமி. "ஒரு கதிரையில இரு. கையில உள்ள சுண்ணாம்பு கொட்டாமல் இரு."

மாக்கிறட் இருக்கவில்லை. போய்விட்டாள்.

மெரினா ரம்ஸியாவுக்குப் போன் எடுத்தாள். நிரலில் இரண்டு வரி வாசித்ததும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"சோர்ட் புதுசா ஒரு வரிசை செஞ்சு தரும் எண்டு நெனச்சீங்களா புள்ள? அது உள்ளதையே கலைச்சு அடுக்கும். திகதி போடப் போகக்குள்ள உங்கட பழைய ஒழுங்கு எங்க இருக்கு? முதல்ல 'ஸ்லைஸ்' போட்டு ஒரு நகல் எடுங்க, நகல அடுக்குங்க. அசல் அசையாது. ஒரு சொல்லுத்தானே."

மெரினா அந்த ஒரு சொல்லைச் சேர்த்தாள். ஒக்டோபர் ஒன்று, மாக்கிறட்.

"இப்ப சரி. ஆனா போன லிஸ்ற் போயிட்டுதே, மிஸ்."

"நெட்வேர்க் கோளாறு எண்டு போட்டுட்டு புதுச அனுப்புங்க. எல்லாரும் அதத்தான் சொல்ற."

மெரினா அப்படித் தட்டியும் பார்த்தாள். பிறகு அழித்தாள். சிலாபத்தில் அவளுக்குப் படிப்பித்த மேற்றன் முதல் நாளே சொன்ன பாடம் வேறு: பிழையான குளிசையைக் கொடுத்துவிட்டால் உடனே சொல், அழுவதைப் பிறகு வைத்துக்கொள். குளிசையின் மீது பழி போட்டவள் அடுத்த முறையும் அதே பிழையை விடுவாள்.

நாலு மணிக்கு மாமியை வலப்பக்கம் புரட்டிவிட்டு, பக்கத்து வீட்டுச் சுஜியைக் காவலுக்கு இருத்தி, களப்போரமாக அன்ரனிப்பிள்ளை வீட்டுக்கு நடந்தாள். முற்றத்தில் நாளைய செபத்துக்குத் தகரக் கொட்டில் எழும்பிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி றீற்றா ஐந்து கிலோ கடலையை ஊறப்போட்டுவிட்டு, மூடுவதற்குப் பெரிய தட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வா பிள்ளை" என்றார் அன்ரனிப்பிள்ளை. "முப்பது வருஷத்தில முதல்தரம் மாதா என்ர வீட்டில இருந்து தொடங்கிறா. கொம்பியூட்டர் ஆள் பார்த்துப் போடாது. அதுதான் அதின்ர நேர்மை."

"அண்ணன், அது பிழை."

"கொம்பியூட்டர் பிழை விடாது."

"ஓம், அது விடாது. நான் விட்டன். பேரை அடுக்கச் சொன்னன், அது வீட்டு ஒழுங்கையும் சேர்த்து அடுக்கிப்போட்டுது. உங்கட பேர் 'அ' வில தொடங்கினதால நீங்கள் முதல். வேற ஒண்டும் இல்லை."

றீற்றா தட்டுத் தேடுவதை நிறுத்திவிட்டாள்.

"இப்ப எல்லாருக்கும் போயிட்டுது" என்றார் அவர். "மாத்தினா கமிட்டிக்குத்தான் பகிடி. மாதாவே ஒருக்கா இஞ்ச வர விரும்பினா எண்டு வையன்."

"வரட்டும் அண்ணன். ஆனா நாளையிண்டைக்கு இக்னேசியஸ் வீடு. அது கடற்பக்கம், அந்தத் தொங்கல். அடுத்த நாள் எமில்டா வீடு, திரும்பக் களப்புப் பக்கம். முப்பது நாளும் நாப்பது கதிரையை ஆர் மணலுக்கால தூக்குறது? ஓட்டோவுக்கு எண்ணெய் கிழமைக்கு அஞ்சு லீற்றர்தான் குடுக்கினம்."

அன்ரனிப்பிள்ளை கொட்டிலைப் பார்த்தார்.

"மாக்கிறட் அக்காவுக்குப் பத்தொன்பதாந் திகதி கண் வெட்டு. முதலாந் திகதி தப்பினா அவவுக்கு இந்த வருஷம் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தன்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றாள் றீற்றா. "இந்த மனிசனோட ஏன் கதிரைக் கதை கதைச்சனீ?"

அன்ரனிப்பிள்ளை தாடையைச் சொறிந்தார். பிழை யாருடையது என்று சனம் கேட்கும், தான் சொல்லமாட்டேன் என்றார். மெரினா அதற்குத்தான் வந்திருந்தாள். அவர் முன்னாலேயே போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் குழுவுக்குப் பேசினாள்.

"நான் மெரினா. மத்தியானம் அனுப்பின லிஸ்ற் பிழை. கமிட்டியில பிழை இல்லை, கொம்பியூட்டரிலயும் இல்லை. நான் கடைசியா ஒருக்காப் பார்க்காமல் அனுப்பினது. நாளைக்கு மாக்கிறட் அக்கா வீடு. மிச்ச ஒழுங்கை நாளைக்குக் காலமை அங்க வந்து எல்லாருக்கும் முன்னால வாசிப்பன்."

பதில்கள் வரத் தொடங்கின. 'அப்ப என்ர தவணை திரும்பவும் கடைசியா?' என்று ஒருவர். 'மெரினா, என்ர வயசையும் ஒருக்கா அடுக்கிப் பாரன், குறையுதோ எண்டு' என்று இன்னொருவர். மாக்கிறட்டிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கோயிலடியால் சுற்றித் திரும்பும் வழியில் மெரினா எட்டிப் பார்த்தபோது, அவள் மிச்சச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால், "ஏணியைப் பிடி" என்றாள். மெரினா பிடித்தாள்.

"நாளைக்கும் பிழையா வாசிச்சா இந்த வாளி உன்ர தலையில" என்றாள் மாக்கிறட், மேலே இருந்து.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. அன்ரனிப்பிள்ளை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சுருவத்தை மாக்கிறட்டின் கையில் கொடுத்தார். முப்பது அடி தூரம்தான். ஊறிய கடலை காத்திருக்காது என்று றீற்றா விடியவே அவித்து, இரண்டு பானையில் கொண்டுவந்து மாக்கிறட்டின் அடுப்படியில் இறக்கியிருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே தேங்காய்ச் சொட்டு நறுக்கினார்கள். பிறகு உப்புக் காணாது என்பதில் கதை தொடங்கி, நிற்கவில்லை.

செபம் முடிந்ததும் மெரினா புதுச் சுவர்ப்பக்கம் போய் நின்று, போனைப் பார்த்து வாசித்தாள். நோயாளியின் பெயரைக் கேட்டு, அவர் வாயாலேயே 'ஓம்' வாங்கிய பிறகுதான் குளிசையைக் கொடுப்பது அவள் படித்த முறை. அதே முறைதான். "ஒண்டு, மாக்கிறட்." "ஓம்." "ரெண்டு, கிருஷாந்தன்." "ஓம்." பதினேழாவதாக மார்த்தா மாமியின் பெயர் வந்தபோது, மெரினாவே "ஓம்" சொல்லிக்கொண்டு மேலே போனாள். வராதவர்களுக்குப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். இருபத்தாறில் அன்ரனிப்பிள்ளை, வாயில் கடலையோடு, கையை மட்டும் தூக்கினார். "வாயால சொல்லுங்கோ அண்ணன்" என்றாள் மெரினா. விழுங்கிவிட்டுச் சொன்னார்.

முப்பத்தோராவது 'ஓம்' விழுந்த பிறகு, மேலிருந்து கீழே வரை இன்னொருமுறை விரலை வைத்துப் பார்த்து, லிஸ்றைக் குழுவுக்கு அனுப்பினாள்.