இரண்டு கை உப்பு

ராமக்காள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பது கடத்தூர்ப் பக்கம் ஊரறிந்த விஷயம். இண்டூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து வீட்டுக்கு விதைநெல் எடுத்து வைப்பது அவள்தான். அதில் அவளுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. போன போகத்தில் அந்த விதை பாதிக்குப் பாதி முளைக்கவில்லை. நாற்றங்கால் சொட்டைத் தலையாக நின்றது. அந்தப் பக்கம் போகவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“இந்த வாட்டி பாக்கெட்டு வெத வாங்கிக்கலாம். வூட்டு நெல்ல மில்லுக்குப் போட்டுரலாம்” என்றார் புருஷன் கிருஷ்ணப்பன்.

“உப்புத்தண்ணியில போட்டுப் பாக்கறேனுங்க. மெதந்துச்சுன்னா உங்க இஷ்டம். முங்கிருச்சுன்னா என் வெததான்.”

கோழிமுட்டை மேலே வந்து ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முதுகு தெரியும்வரை தண்ணீரில் கல்லுப்பைக் கரைக்க வேண்டும். அதில் பதரோடு அரைமணி நெல்லும் மிதக்கும், முழுமணி பிடித்த நெல் முங்கும்; உப்புக் குறைந்தால் அரைமணியும் முங்கிவிடும். ராமக்காள் அண்டாத் தண்ணீரில் இரண்டு கை உப்பைக் கலக்கி, அடுக்களைக் கூடையில் கிடந்த முட்டையை விட்டாள். உடனே மிதந்தது. நெல்லைக் கொட்டினாள். நாலு சருகைத் தவிர ஒன்றும் மேலே வரவில்லை.

“செரி, ஜெயிச்சுட்ட” என்று கிருஷ்ணப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. இரண்டு கை உப்புக்கா முட்டை மிதக்கும்? தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். குழம்பே இதைவிடக் கரிக்கும். கோழி அப்போதுதான் முட்டையிட்டுக் கொக்கரித்தது. அதைச் சூட்டோடு கொண்டுவந்து விட்டாள். கல் மாதிரி அடிக்குப் போனது. பழைய முட்டையை உடைத்தாள். அழுகல் நாற்றம். கெட்ட முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்குமே!

பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? நாற்றங்காலுக்குத் தெரியுமே! நெல்லை வாரி வெளியே எடுத்தாள். வீட்டிலிருந்த உப்பையெல்லாம் கொட்டி, புது முட்டை முதுகைக் காட்டும்வரை கை எரிய எரியக் கலக்கினாள். நெல்லை மறுபடி போட்டாள். பாதி நெல் மேலே வந்து அண்டாவை மூடிக்கொண்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் போன் போட்டுப் புருஷனை வரச் சொன்னாள்.

“இத்தன பதரா?” என்றார் கிருஷ்ணப்பன்.

“ஆமாங்க. போன போகத்துக்கும் இத்தன பதரோடதான் நான் வெதைக்கக் குடுத்திருக்கேன்.”

“அப்ப பாக்கெட்டு வாங்கியாரட்டா?”

ராமக்காள் மிதந்ததை அரித்து அவர் முன்னால் கொட்டினாள். அடியில் கிடந்ததை வாரி, உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசினாள்.

“பேச்சுன்னா பேச்சுங்க. மெதந்தது உங்க இஷ்டம், மில்லுக்கே போடுங்க. முங்கினது எம்பட வெத. பாதி வயலுக்கு வரும். மீதிப் பாதிக்கு உங்க பாக்கெட்டப் போடுங்க. எது மொளைக்குதுன்னு பாத்துரலாம்.”