கம்பளிக்குள் தெரிந்த திரை

தீனதயாளனுக்கு மூன்று வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டன. திருக்கோவிலூர்ப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். ஊர் பரிதாபப்பட்டு ஓய்ந்த பிறகும் அவர் படித்துக்கொண்டே இருந்தார். பார்வையற்றோருக்கான ஒதுக்கீட்டில் வரலாற்று ஆசிரியர் வேலை கிடைத்து, கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளிக்குப் போட்டார்கள். "கண்ணு தெரியறவனே அங்க வழுக்கி வுழறான்" என்று அப்பா தடுத்தார். அவர் கேட்கவில்லை. புதிதாகக் கட்டிக்கொண்ட கோகிலவாணியோடு மலை ஏறியவர், அங்கேயே தங்கிவிட்டார்.

அவருடைய கணினி பேசும். திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் வாய்விட்டுப் படிக்கும். அவர் காதால் கேட்டுக்கொண்டே விசைகளைத் தட்டுவார். கோகிலவாணி அதைத் தொட்டதே இல்லை. பத்தாவதில் அவள் தவறியது ஆங்கிலத்தில்தான்.

கொரோனாவால் பள்ளி மூடியபோது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பாடம் முழுவதையும் தன் குரலில் பதிவு செய்து கணினியில் சேர்த்திருந்தார். பழைய விண்டோஸ் இனி பாதுகாப்பில்லை என்று பலரும் சொல்லவே, 2020 டிசம்பரில் ஒரு காலை புதியதற்கு மாற்றினார். எல்லாம் முடிந்து கணினி அணைந்து, மறுபடி கிளம்பியது. குரல் மட்டும் வரவில்லை. விசைகளைத் தட்டிப் பார்த்தார். ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிச் செருகினார். பிறகு வேறு வழியில்லாமல் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"கோகிலா, கொஞ்சம் வந்து பாரேன். திரையில இன்னா தெரியுது?"

"நீலமா இருக்குது. மேல ரெண்டு புள்ளி, பக்கத்துல ஒரு வளைவு. அழுவுற மூஞ்சி மாதிரி இருக்குதுங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அந்தப் பாடங்களுக்கு வேறு நகல் இல்லை.

கள்ளக்குறிச்சியில் கணினி பழுது பார்க்கும் இளஞ்செழியனைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. கீழே சாலை மறியல். மலைக்கு வர வேண்டிய பஸ் வரவில்லை. "இந்த மாதிரி நேரத்துல இவுங்க வேற" என்று பக்கத்து வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார். தீனதயாளன் தலையாட்டவில்லை. ஒதுக்கீடு இல்லாமல் போயிருந்தால் தானே எங்கே இருந்திருப்போம் என்பது அவருக்குத் தெரியும்.

போனில்தான் கேட்டுச் செய்ய வேண்டும். அவர்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது வாசலுக்கு வெளியே பலா மரத்தடியில் மட்டும். கோகிலவாணி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு பெஞ்சைத் தூக்கி மரத்தடியில் போட்டு, கணினியின் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டுபோய் வைத்து, வீட்டுக்குள்ளிருந்து நீள வயர் இழுத்தாள். எந்த வயர் எந்த ஓட்டையில் என்று அவர் விரலால் தடவிச் செருகினார்.

வெயிலில் திரை தெரியவில்லை. உள்ளே போய்க் கம்பளியை எடுத்து வந்து திரைக்கும் தன் தலைக்குமாகப் போர்த்திக்கொண்டாள். அவர் போனை உரக்க வைத்துப் பக்கத்தில் நின்றார்.

"அக்கா, ரெண்டு மூணு வாட்டி நின்னு நின்னு கெளம்பும், பயப்படாதீங்க. அப்புறம் வேற மாதிரி நீலம் வரும். வந்ததும் இன்னா எழுதியிருக்குதுன்னு சொல்லுங்க" என்றான் இளஞ்செழியன்.

வந்தது. கோகிலவாணி கம்பளிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினாள். "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுங்களே."

"எழுத்தைச் சொல்லு, போதும். படிக்கறது என் வேலை" என்றார் தீனதயாளன்.

"ஏ... டி... வி... ஏ..."

"அட்வான்ஸ்ட். அதுதான், அங்க போ."

அடுத்த திரையில் டி, ஆர், ஓ என்று தொடங்கினாள். பாதியிலேயே அது 'ட்ரபிள்ஷூட்' என்று அவர் பிடித்துவிட்டார். சில எழுத்துகளை அவள் மாற்றிச் சொன்னாள். இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லச் சொன்னார். ஒருமுறைகூட அவர் குரல் உயரவில்லை. கடைசியில் அவள் நீளமாக ஒரு வரியை எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்தபோது, போனில் இளஞ்செழியன் கத்தினான்.

"அதுதான் சார்! பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போறது! உங்க ஃபைல் ஒண்ணும் போவாது. கரண்ட் மட்டும் போவாம பார்த்துக்குங்க."

மலையில் கரண்ட்டை யார் பார்த்துக்கொள்வது? அவள் விசையை அழுத்தினாள். அவரும் குனிந்து கம்பளிக்குள் வந்துவிட்டார். உள்ளே இருந்தால் அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று அவள் கேட்கவில்லை.

"இப்ப இன்னா?"

"புள்ளிங்க வட்டமா சுத்திக்கினே இருக்குது."

"இப்ப?"

"அப்படியேதான்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை ஈரமாக இருந்தது, யாருடையது என்று தெரியாமல்.

திரை ஒருமுறை கறுத்தது. அவள் மூச்சை இழுத்தாள். பிறகு ஒலிபெருக்கி கரகரத்து, பழைய குரல் பேசத் தொடங்கியது. அவர் தட்டித் தட்டிப் பாடங்கள் இருந்த இடத்துக்குப் போனார். ஒன்றைத் திறந்ததும் மரத்தடியில் அவருடைய குரலே கேட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நம்ம கல்யாணப் படமும் அப்படியே இருக்குதுங்க" என்றாள் அவள்.

"எந்தப் படம்?"

"திரையில பின்னாடி இருக்குமே. கம்ப்யூட்டர் வாங்கும்போதே இளஞ்செழியன் தம்பி போட்டுக் கொடுத்தது. உங்களுக்குத் தெரியாதா?"

யாரும் அவருக்குச் சொன்னதில்லை. இத்தனை வருஷம் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "எப்படி இருக்குது? சொல்லு" என்றார். அவள் சொன்னாள்: அவர் கழுத்து மாலை ஒருபக்கமாகச் சரிந்திருப்பது, தன் புடவை அரக்கு நிறமாக இருப்பது, தான் கேமராவைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. கடைசி விஷயத்தை அவர் இரண்டாம் முறை கேட்டார்.

பஸ் ஓடத் தொடங்கியதும் இளஞ்செழியன் மலைக்கு வந்தான். முதலில் பாடங்களை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிட்டு, விண்டோஸை முறையாக மாற்ற உட்கார்ந்தான். கோகிலவாணி பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள்.

"நீங்க போய் வேலையைப் பாருங்கக்கா, நான் முடிச்சிடறேன்."

"நீ முடி தம்பி. இன்னா வருதுன்னு அவருக்கு நான் சொல்லிக்கினு இருக்கேன்."